நடுவுல நிக்கிற பிள்ளைக்கு எந்தக் காலேஜ்?

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து என் போனுக்கு ஓய்வே இல்லை. தெருவுல ரெண்டு வீடு, அம்மாவோட சித்தி மகள், லீவுல நான் டியூஷன் எடுத்த ஒரு பொண்ணோட அப்பா. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நீ படிக்கிற காலேஜ் நல்லா இருக்காம்மா, சேர்க்கலாமா?" ஆமான்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. எங்க கிளாஸ்ல 62 பேர். அதுல முதல் நாலஞ்சு பேரை எந்தக் காலேஜ்ல போட்டிருந்தாலும் மேல வந்திருப்பாங்க. கடைசி நாலஞ்சு பேர் முதல் செமஸ்டர்லயே மனசளவுல வெளியே போயிட்டாங்க. மீதி ஐம்பது பேருக்கு இந்த மூணு வருஷத்துல காலேஜ் என்ன செஞ்சுது? "நல்ல காலேஜா"ங்கிற கேள்விக்குப் பதில் அங்கதான் இருக்கு. ஆனா அந்த ஐம்பது பேரைப் பத்தி யாரும் விசாரிக்கிறதே இல்லை. முதல் ஆளோட சம்பளத்தை மட்டும்தான் கேட்கிறாங்க.

இந்த வருஷம் எங்க வீட்லயே என் தம்பி பிளஸ் டூ முடிச்சிருக்கான். கணக்குல 88, இயற்பியல்ல 84, வேதியியல்ல 82. கணக்கை அப்படியே வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் பாதியாக்கிக் கூட்டினா 200-க்கு 171. அதான் கட்ஆஃப். அவனுக்கு மெக்கானிக்கல் வேணும். அப்பா போக்குவரத்துக் கழக டெப்போவுல மெக்கானிக். "நான்தான் முப்பது வருஷமா கிரீஸ்ல கை வச்சுக்கிட்டு இருக்கேன், நீயாவது ஏ.சி. ரூம்ல உட்காரு, கம்ப்யூட்டர் எடு"ங்கிறார். ரெண்டு பேருக்கும் நடுவுல நான். அவங்களோட அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டதையும், 2022-ல நான் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லாம விட்டதையும் இங்க எழுதறேன். உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ யாராவது சாய்ஸ் லிஸ்ட் போட உட்கார்ந்திருந்தா படிச்சுக் காட்டுங்க. (நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ற, ர தப்பா வந்திருந்தா எடிட்டர் அண்ணாவைத் திட்டவும்.)

ஹோர்டிங்ல இருக்கிற அண்ணன்

பைபாஸ்ல போனா அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஹோர்டிங். கோட் போட்ட ஒரு அண்ணன், பக்கத்துல "42 லட்சம்"னு பெரிய எழுத்து. அந்த அண்ணனும் உண்மை, அந்தச் சம்பளமும் உண்மையா இருக்கலாம். ஆனா உங்க பிள்ளை அவரா இருக்கிறதுக்கான வாய்ப்பு ரொம்பக் கம்மி. அவரோட படிச்ச மத்தவங்க எங்கேன்னு ஹோர்டிங் சொல்லாது.

சராசரின்னு சொன்னாலும் ஏமாறாதீங்க. பத்து பேர்ல ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருத்தருக்கு 42 லட்சம்னு வைங்க. சராசரி 6.9 லட்சம்! ஆனா அந்தப் பத்து பேர்ல ஒருத்தர்கூட 6.9 வாங்கலை. பத்து பேரையும் சம்பள வரிசையில நிக்க வச்சு நடுவுல நிக்கிறவரைக் கேட்டா 3 லட்சம்னு சொல்வார். அதுக்குப் பேர் மீடியன், இடைநிலை. பத்தாம் வகுப்புல படிச்சது இப்பதான் உதவுது.

அடுத்தது "92% பிளேஸ்மென்ட்". இது எப்படி வருதுன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். ஒரு டிபார்ட்மென்ட்ல 120 பேர். அதுல 40 பேருக்கு அரியர் இருக்கு, கம்பெனிக்காரங்க உள்ளேயே விடமாட்டாங்க, அதனால அவங்க "தகுதி இல்லாதவங்க". இன்னும் 15 பேர் மேற்படிப்புக்குப் போறோம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மிச்சம் 65. அதுல 60 பேருக்கு வேலை. 65-ல 60 என்பது 92%. 120-ல 60 என்பது 50%. ரெண்டுமே பொய் இல்லை! எதால வகுக்கிறாங்கங்கிறதுதான் விஷயம். இன்னொண்ணு, ஒரே ஆளுக்கு நாலு கம்பெனி ஆஃபர் கொடுத்தா சில இடங்கள்ல அதை நாலுன்னு எண்ணுவாங்க. அதனால அட்மிஷன் ஆபீஸ்ல கேட்கும்போது "எத்தனை ஆஃபர்?"னு கேட்காதீங்க. "இந்த பிராஞ்ச்ல முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதுல எத்தனை பேர் இப்ப வேலையில இருக்காங்க?"ன்னு கேளுங்க. பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னும் கவனிங்க.

ஆபீஸ்ல பதில் வரலைன்னாலும் இதைப் பார்க்க ஒரு வழி இருக்கு. மத்திய கல்வி அமைச்சகம் 2016-ல இருந்து என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வெளியிடுது. எல்லாரும் ரேங்கை மட்டும் பார்த்துட்டுப் போயிடறாங்க. ரேங்கை விட அதுக்காகக் காலேஜ் கொடுக்கிற விவரங்கள்தான் நமக்கு முக்கியம். எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதுல எத்தனை பேர் நாலு வருஷத்துக்குள்ள முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, எத்தனை பேர் மேற்படிப்பு போனாங்க, வேலை கிடைச்சவங்களோட மீடியன் சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கும். ரேங்க் வாங்காத காலேஜா இருந்தாலும், விண்ணப்பிச்சிருந்தா அந்த விவரத்தைத் தன்னோட இணையதளத்துல போட்டிருக்கணும். காலேஜ் பேரோட என்.ஐ.ஆர்.எஃப்.னு சேர்த்துத் தேடினாலே பி.டி.எஃப். கிடைக்கும். இது காலேஜ் தானே கொடுக்கிற கணக்குதான், பிராஞ்ச் பிராஞ்சாவும் இருக்காது. இருந்தாலும் ஹோர்டிங்கை விட நூறு மடங்கு மேல். நான் தம்பி லிஸ்ட்ல இருந்த காலேஜ்களுக்கு இதை எடுத்துப் பார்த்தேன். ஒரு காலேஜ்ல சேர்ந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் நாலு வருஷத்துல முடிக்கவே இல்லை. அந்தக் காலேஜோட ஹோர்டிங்தான் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல இருக்கிறதிலேயே பெருசு.

அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டர் தேர்வுக்கும் இணைப்புக் கல்லூரிகளோட தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுது. அதையும் ரெண்டு மூணு செமஸ்டருக்குச் சேர்த்துப் பாருங்க, ஒண்ணை மட்டும் பார்க்காதீங்க. ஒரு எச்சரிக்கை: தன்னாட்சிக் கல்லூரிகள்ல அவங்களே கேள்வித்தாள் போட்டு அவங்களே திருத்தறாங்க. அதனால அவங்க சதவீதத்தையும் இந்தப் பட்டியலையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது.

நாக் 'ஏ', என்.பி.ஏ.ன்னு கேட்டுல எழுதியிருப்பாங்க. நாக் மொத்தக் காலேஜுக்கும் கொடுக்கிறது. என்.பி.ஏ. பிராஞ்ச் பிராஞ்சா கொடுக்கிறது. கேட்டுல இருக்கிற என்.பி.ஏ. சிவிலுக்கு வாங்கினதா இருக்கும், நீங்க சேரப்போறது ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸா இருக்கும். குறைஞ்சது ரெண்டு பேட்ச் படிச்சு வெளியே போனாத்தான் ஒரு பிராஞ்ச் என்.பி.ஏ.வுக்கே விண்ணப்பிக்க முடியும். அதனால "என் பிராஞ்ச்சுக்கு இருக்கா, எந்த வருஷம் வரைக்கும்?"னு கேளுங்க.

லேத்தைத் தொட்டுப் பார்த்த அப்பா

எந்த இணையதளத்துலயும் கிடைக்காத விஷயத்தை ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாகிட்ட கத்துக்கிட்டேன்.

ரெண்டு காலேஜைப் பார்த்துடலாம்னு லீவு போட்டுட்டு வந்தார். முதல் காலேஜ் பார்க்க ஐ.டி. கம்பெனி மாதிரி இருந்துது. கண்ணாடிச் சுவர், ஏ.சி. வெயிட்டிங் ஹால், எல்லாருக்கும் ஜூஸ். பி.ஆர்.ஓ. ஒருத்தர் எங்களைச் சுத்திக் காட்டினார். ஸ்மார்ட் கிளாஸ், ஆடிட்டோரியம், நீச்சல் குளம். நான் "ஒர்க்‌ஷாப் பார்க்கலாமா சார்?"னு கேட்டேன். கொஞ்சம் தயங்கி, சாவி வரவழைச்சுத் திறந்தார். உள்ளே வரிசையா லேத்து, எல்லாம் பச்சை பெயின்ட்ல பளபளன்னு. எனக்கு நல்லாத்தான் இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. அப்பா ஒண்ணும் பேசலை. ஒரு லேத்துகிட்ட போய் அதோட பெட்டுல விரலை வச்சு ஒரு இழு இழுத்தார். விரல்ல துரு. சக்கைக் கையால சுத்திப் பார்த்தார், இறுகிப் போயிருந்துது. குனிஞ்சு கீழே இருக்கிற தட்டைப் பார்த்துட்டு நிமிர்ந்தார். வெளியே வந்த பிறகுதான் சொன்னார்: "ஒரு சுருள்கூட கிடக்கலைம்மா. ஓடுற லேத்துக்கு அடியில இரும்புச் சுருள் கிடக்காம இருக்காது. பெருக்கினாலும் மூலையில நாலு இருக்கும். இது ஓடி ரொம்ப நாளாச்சு."

ரெண்டாவது காலேஜ்ல ஜூஸ் கொடுக்கலை. கட்டடம் பழசு, கேன்டீன் தகரக் கூரை. ஒர்க்‌ஷாப் திறந்தே இருந்துது. லீவு நாள்தான், ஆனா ரெண்டு பையன்கள் ஏதோ கோ-கார்ட்டுக்கு ஷாஃப்ட் கடைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல காக்கிச் சட்டை போட்ட இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர். அப்பாவும் அவரும் பேச ஆரம்பிச்சவங்க முக்கால் மணி நேரம் நிறுத்தலை. லேத்து பழசுதான், பெயின்ட் உரிஞ்சு போயிருந்துது. கீழே சுருள் கிடந்துது. நான் அந்தப் பையன்கள்கிட்ட "இந்த ஷாஃப்ட் வெட்டறதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"னு கேட்டேன். "பர்மிஷனா? சார்கிட்ட சொல்லிட்டு வெட்டுவோம்க்கா"ன்னாங்க. இதுக்கு முன்னாடி எத்தனையோ கேள்விகள் தயார் பண்ணி வச்சிருந்தேன், அதுக்கப்புறம் எதையும் கேட்கத் தோணலை.

உங்க வீட்ல லேத்து தெரிஞ்ச அப்பா இல்லாம இருக்கலாம். கவலை இல்லை. எலக்ட்ரானிக்ஸ் லேப்னா சி.ஆர்.ஓ. மேல போட்டிருக்கிற துணி எவ்வளவு தூசியா இருக்குன்னு பாருங்க. கம்ப்யூட்டர் லேப்னா அங்க இருக்கிற பையன்கிட்ட "சாயங்காலம் இது எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"னு கேளுங்க. லைப்ரரியில சமீபத்துல யாராவது புத்தகம் எடுத்த தேதி முத்திரை இருக்கான்னு புரட்டிப் பாருங்க. முடிஞ்சா கிளாஸ் நடக்கிற நாள்ல போங்க. அட்மிஷன் டீம் காட்டுற ரூட்டை முடிச்சுட்டு டீக்கடையில உட்காருங்க. மூணாவது வருஷம் படிக்கிறவங்களைப் பிடிங்க. முதல் வருஷத்துக்கு ஒண்ணும் தெரியாது, கடைசி வருஷம் (என்னை மாதிரி) கொஞ்சம் கசந்து போயிருக்கும்.

அவங்ககிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி வாத்தியார்களைப் பத்தினது. 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர்ங்கிறது ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு. பேப்பர்ல எல்லாக் காலேஜ்லயும் அது சரியா இருக்கும். ஆனா 2024 ஜூலையில அறப்போர் இயக்கம் ஒரு புகாரை வெளியிட்டுது: நூத்துக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள்ல முழுநேர ஆசிரியர்களாக் கணக்குக் காட்டப்பட்டிருக்காங்கன்னு. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில இறங்க வேண்டி வந்துது. அதனால இணையதளத்துல இருக்கிற ஆசிரியர் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். "போன செமஸ்டர் நடுவுல உங்களுக்கு எத்தனை சப்ஜெக்ட்ல ஸ்டாஃப் மாறினாங்க?"ன்னு மாணவர்கள்கிட்ட கேளுங்க. எனக்கு ஒரே செமஸ்டர்ல சிக்னல்ஸ் பாடத்துக்கு மூணு பேர் மாறினாங்க. வந்த ஒவ்வொருத்தரும் முதல் யூனிட்ல இருந்து ஆரம்பிச்சாங்க. எங்க கிளாஸ்ல அதிகமா அரியர் விழுந்ததும் அதே பாடத்துலதான். முன்னாடி சொன்ன அந்த நடு ஐம்பது பேர்ல பலர் கீழே போனது இந்த மாதிரி இடங்கள்லதான், புத்திசாலித்தனம் குறைஞ்சதால இல்லை.

பொண்ணுங்களைச் சேர்க்கிற பெற்றோருக்கு இன்னொண்ணு. ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படின்னு எல்லாரும் கேட்கிறீங்க. லேபுக்கும் லைப்ரரிக்கும் பொண்ணுங்க எத்தனை மணி வரைக்கும் போகலாம்னும் கேளுங்க. பசங்களுக்கு ஒன்பது மணி, பொண்ணுங்களுக்கு ஆறு மணின்னா ஒரே ஃபீஸுக்கு மூணு மணி நேரம் கம்மியா வாங்கறீங்கன்னு அர்த்தம்.

நான் பண்ணின தப்பு

இப்ப கவுன்சிலிங். இதுல நான் பண்ணின தப்பை முழுசாச் சொல்றேன், ஏன்னா இதே தப்பை இந்த வாரம்கூட ரெண்டு பேர் பண்ணப் பார்த்தாங்க.

என் கட்ஆஃப் 168.5. எனக்குப் பிடிச்ச ஒரு காலேஜ்ல இ.சி.இ. எங்க கம்யூனிட்டிக்கு முந்தின வருஷம், அதாவது 2021-ல, 176-ல முடிஞ்சிருந்துது. "உனக்கெல்லாம் கிடைக்காது, கிடைக்கிறதை முதல்ல போடு, இல்லைன்னா அதுவும் போயிடும்"னு தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் சொன்னார். நானும் கிடைக்கும்னு தெரிஞ்ச காலேஜை முதல் இடத்துல போட்டுட்டு, பிடிச்சதை அஞ்சாவதுல போட்டேன். முதல் சாய்ஸே அலாட் ஆச்சு. வீட்ல கேசரி. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா அந்த அஞ்சாவது காலேஜ் 165-ல முடிஞ்சிருக்கு.

இதுல ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு, மார்க்கை மார்க்கோட ஒப்பிட்டது. 2021-ல கொரோனாவால பிளஸ் டூ தேர்வே நடக்கலை. பத்தாம் வகுப்பு மார்க்கையும் பதினொண்ணாம் வகுப்பு மார்க்கையும் செய்முறை மார்க்கையும் கலந்து ஒரு கணக்குல போட்டாங்க. அந்த வருஷத்து 176-ம் என் வருஷத்து 176-ம் ஒண்ணில்லை. கேள்வித்தாள் சுலபமா இருந்த வருஷத்துக்கும் கஷ்டமா இருந்த வருஷத்துக்கும்கூட இந்த வித்தியாசம் வரும். அதனால ரேங்கை ரேங்கோட ஒப்பிடுங்க. போன வருஷம் அந்த சீட் பொது ரேங்க்ல எதுவரைக்கும், கம்யூனிட்டி ரேங்க்ல எதுவரைக்கும் போச்சுன்னு பாருங்க.

ரெண்டாவது தப்பு பெருசு: வரிசை எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியலை. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருத்தர் லிஸ்டா எடுக்கும். உங்க முறை வரும்போது உங்க முதல் சாய்ஸ்ல இடம் இருக்கான்னு பார்க்கும். இல்லைன்னா ரெண்டாவது, அதுவும் இல்லைன்னா மூணாவது. முதல்ல எங்க இடம் இருக்கோ அங்க நிறுத்திடும். அவ்வளவுதான். கிடைக்காததை மேல போட்டதால உங்களுக்குக் கீழ இருக்கிறது கைவிட்டுப் போகாது, உங்களுக்குப் பின்னாடி இருக்கிற ரேங்க் அதைப் பறிச்சுக்கவும் முடியாது. உங்க லிஸ்ட் முழுக்கப் பார்த்து முடிச்ச பிறகுதான் அடுத்த ஆள் லிஸ்டை அது தொடும். அதனால மனசுல எது முதல்ல இருக்கோ அதை முதல்ல போடுங்க. எத்தனை சாய்ஸ் வேணும்னாலும் கொடுக்கலாம், பத்தோட நிறுத்தாதீங்க. ஆனா கிடைச்சா சேரமாட்டேன்னு தெரிஞ்ச காலேஜை லிஸ்ட்லயே சேர்க்காதீங்க.

ஒரு காலேஜும் ஒரு பிராஞ்ச்சும் சேர்ந்ததுதான் ஒரு சாய்ஸ். "அதே காலேஜ்ல சிவில்"ங்கிறது தனி சாய்ஸ், அதை வேற இடத்துல போடலாம். காலேஜைப் பேரை வச்சுத் தேடாதீங்க, கோடு நம்பரை வச்சுத் தேடுங்க. ஒரே சாமி பேர்ல, ஒரே தலைவர் பேர்ல எத்தனை காலேஜ் இருக்குன்னு எண்ணிப் பார்த்தா தலை சுத்தும். என் தோழி ஒருத்தி பேரைப் பார்த்து கிளிக் பண்ணிட்டு, அலாட்மென்ட் ஆர்டர்ல ஊர் பேரைப் பார்த்த பிறகுதான் அது வேற காலேஜ்னு கண்டுபிடிச்சா. அவ அங்கதான் படிக்கிறா.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சில வழிகள் கேட்பாங்க. கிடைச்சதை ஏத்துக்கிட்டுச் சேர்றது, ஏத்துக்கிட்டே மேல இருக்கிற சாய்ஸுக்குக் காத்திருக்கிறது, இதை விட்டுட்டு மேல இருக்கிறதுக்கு மட்டும் காத்திருக்கிறது, அடுத்த சுற்றுக்குப் போறது, விலகிடறது. குழப்பமா இருந்தா பெரும்பாலானவங்களுக்கு ரெண்டாவதுதான் பாதுகாப்பு. கையில ஒரு சீட் இருக்கும், மேல காலியானா அங்க ஏறலாம். ஏறிட்டா பழைய சீட் போயிடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால மேல போட்டிருக்கிறது நிஜமாவே மேலானதான்னு முதல்லயே யோசிச்சிருக்கணும். குறிச்ச நேரத்துக்குள்ள எதையும் தேர்ந்தெடுக்கலைன்னா சீட் போச்சு. கோயிலுக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்னு இருந்துடாதீங்க.

காலேஜா, பிராஞ்ச்சாங்கிற பழைய சண்டைக்கு என்கிட்ட முடிவான பதில் இல்லை. எங்க வீட்லயே முடியலை. ஒண்ணு மட்டும் சொல்வேன். 2024-ல இருந்து நல்லா நடக்கிற காலேஜ்களுக்கு சீட் எண்ணிக்கை உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துடுச்சு. அதனால பல இடங்கள்ல கம்ப்யூட்டர் சார்ந்த பிராஞ்ச்கள்ல செக்‌ஷன் மேல செக்‌ஷன். சீட் ஏறின வேகத்துக்கு ஆசிரியர்கள் ஏறினாங்களான்னு பாருங்க. ஒரு பிராஞ்ச் புதுசுன்னா "இதுல இருந்து ஒரு பேட்ச்சாவது வெளியே போயிருக்கா?"ன்னு கேளுங்க. பிள்ளைக்குப் புடிக்காத பிராஞ்ச்ல போட்டா என்ன ஆகும்னு தெரியணும்னா, எங்க கிளாஸ் கடைசி பெஞ்சுக்கு ஒரு நாள் வாங்க.

பணம், சர்டிஃபிகேட், பஸ்

தேர்வு முடிஞ்ச மறுநாளே ஏஜென்ட் போன் வரும். பிள்ளை பேர், ஸ்கூல் பேர் எல்லாம் சரியாச் சொல்வாங்க. நம்பர் எங்க கிடைச்சுதுன்னு கேட்டா கட் பண்ணிடுவாங்க. "சீட் வேகமா போயிட்டிருக்கு சார், பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட் கொடுத்துடுங்க." அப்பாவுக்கு வந்த போன்ல அவர் ஒத்துக்கிட்டே இருந்தார், நான்தான் பிடுங்கினேன். கவுன்சிலிங்குக்கு முன்னாடி ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுக்காதீங்க. காலேஜ் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கணுமே தவிர வச்சுக்கக் கூடாதுங்கிறதுதான் ஏ.ஐ.சி.டி.இ. விதி. வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விலகினா அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் திருப்பணும்னும் விதி இருக்கு. ஆனா ரசீது இல்லாம கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் காவல் நிக்காது.

சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள்ல 65% சீட்டும், சிறுபான்மைக் கல்லூரிகள்ல 50% சீட்டும் கவுன்சிலிங் வழியா வருது. பல காலேஜ்ல கவுன்சிலிங் சீட்டே காலியாக் கிடக்கும்போது அதே காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டுக்கு டொனேஷன் கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கேன். மேனேஜ்மென்ட்ல போனா முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது, அது கவுன்சிலிங்ல சேர்றவங்களுக்கு மட்டும்தான். வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் அது. எங்க வீட்ல நான் வாங்கிட்டேன், தம்பிக்கு இல்லை. அவன் அதை வச்சு இன்னும் என்னைக் குத்திக் காட்டறான். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 7.5% ஒதுக்கீட்டுல வந்தா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசே ஏத்துக்குது. இதைத் தெரியாம கடன் வாங்கப் போன குடும்பம் எங்க தெருவுலயே இருக்கு.

டியூஷன் ஃபீஸ் கட்டண நிர்ணயக் குழு முடிவு பண்றது, அதுல பெருசா விளையாட முடியாது. மத்ததுலதான் விளையாட்டு. பஸ், யூனிஃபார்ம், டிரெய்னிங், அசோசியேஷன்னு வருஷா வருஷம் வரும். "நாலு வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு?"ன்னு எழுத்துல கேளுங்க.

கடைசியா பஸ். அப்பா 2022-ல என் காலேஜுக்குச் சம்மதிச்சதுக்குப் பெரிய காரணம், பஸ் எங்க தெரு முனைக்கே வருது, பொண்ணு ராத்திரி வீட்டுக்கு வந்துடும். போக ஒன்னேமுக்கால் மணி நேரம், வர ஒன்னேமுக்கால். ஒரு நாளைக்கு மூன்றரை. வருஷத்துக்கு 180 நாள்னு வச்சா 630 மணி நேரம், நாலு வருஷத்துல 2,520. அதாவது ராத்திரி பகலா 105 நாள் பஸ்ல. அஞ்சு மணிக்கு பஸ் கிளம்பிடும், அதனால எந்த கிளப்லயும் இல்லை, எந்த ஹேக்கத்தானுக்கும் இல்லை. இந்தக் கணக்கை அப்பாகிட்ட போன மாசம் காட்டினேன். அவர் பேப்பரை வாங்கித் திரும்ப ஒரு தடவை பெருக்கிப் பார்த்தார். அப்புறம் ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு வரும்னு தம்பிகிட்ட கேட்டார்.

இப்ப தம்பி லிஸ்ட்ல 41 சாய்ஸ் இருக்கு. முதல் மூணுக்கு வாய்ப்பு கம்மி, இருந்தும் இருக்கட்டும்னு விட்டிருக்கோம். அதுக்குக் கீழதான் தினமும் சண்டை. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு நாள் மேல ஏறும், மறுநாள் கீழ இறங்கும். நேத்து டியூட்டியில இருந்து அப்பா போன் பண்ணினார், பின்னாடி பஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். "அந்தச் சுருள் கிடந்த காலேஜ்ல மெக்கானிக்கல் எத்தனாவதுல போட்டிருக்கீங்க?"

"ஒன்பதாவதுப்பா."

"கொஞ்சம் மேல தூக்கிப் போடச் சொல்லு. நான் வந்து பார்க்கிறேன்."